தட்டில் வைத்த அகப்பக்கம்

பாக்கியம் அக்கா வீட்டுக் கேட்டுக்கு வெளியே பட்டுச்சேலையோடு நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மலேசியாவில், எங்கள் ரெங்கம் ஊர் வெயிலைத் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் துணி காயப்போடக்கூட வெளியே வரமாட்டார்கள். என் கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, குங்குமம், ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். நடுவில், கல்யாணப் பத்திரிகை இருக்கவேண்டிய இடத்தில், என் கைப்பேசி.

உள்ளேயிருந்து ஒரு கறுப்பு நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் குரைத்திருப்பேன்.

"யாரு அங்க?"

"நான்தாங்க்கா, வாசுகி."

"என்னா விஷயம், இந்த வெயில்ல?"

"ஸ்கூல் அகப்பக்கத்துக்கு உங்களை அழைக்க வந்திருக்கேன்."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் சட்டென்று நின்றது.

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரில் சென்ற வாரம் வந்த கோழிக்கூண்டுக் கதையைப் படித்துவிட்டு, "உன் தொடர்ல நான் மட்டும் ஏன் எப்பப் பார்த்தாலும் லூசு மாதிரி வர்றேன்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் இந்த வாரம் அந்த வேலையை நானே பார்க்கிறேன்.

கயிறு கட்டிய கதவு

எங்கள் தமிழ்ப்பள்ளி ரெங்கத்துக்கு வெளியே, நாலா பக்கமும் செம்பனை சூழ்ந்த இடத்தில் இருக்கிறது. பாலோ பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளையும் எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு வருவது பள்ளி வேன். ஓட்டுநர் முனியாண்டி அண்ணன். அந்த வேனின் பின்கதவைக் கயிற்றால் கட்டியிருப்பார். எந்த வளைவில் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பது முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக்கூட அத்துப்படி.

வருஷக் கடைசியோடு அதை ரோட்டில் ஏற்றக்கூடாது என்று வண்டியைச் சோதித்த அதிகாரி சொல்லிவிட்டார். வேறு வேன் வாங்கவேண்டும். அதற்குத்தான் பள்ளியில் உணவுச் சந்தை. பெற்றோர் சமைத்துக் கொண்டுவந்து கடை போடுவார்கள், ஊரார் கூப்பன் வாங்கிச் சாப்பிடுவார்கள், வருவதெல்லாம் வேனுக்கு.

"பாலோ பிள்ளைங்க வரலன்னா வகுப்புல பாதி காலி. அப்புறம் நான் யாருக்கு மணி அடிக்கிறது?" என்றார் தலைமையாசிரியை சரோஜா டீச்சர். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் சிரிக்கவில்லை.

நான் சந்தைச் செயற்குழுவில் சேர்ந்ததைச் சமூக சேவை என்று நினைத்து யாரும் கைதட்ட வேண்டாம். என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். எனக்குக் குளுவாங்கில் தொழிற்சாலை அலுவலகம். காலையில் மகள் யாழினியை வேனில் ஏற்றிய கையோடு ஓடிப்போய்த் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். வேன் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. "அடுத்த வருஷம் வர முடியுமா, முடியாதா? சீக்கிரம் சொல்லிரு, வேற ஆள் பார்க்கணும்" என்று என் மேலாளர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். வேனுக்காக நான் உயிரைக் கொடுத்து உழைத்ததற்கு இதுதான் காரணம்.

மீஹூன் வருஷம்

அதற்கு முந்தைய வருஷம் சந்தைக்கான அறிவிப்பெல்லாம் புலனக் குழுவில்தான். வாட்சாப்பை நாங்கள் புலனம் என்போம். பெயர் அழகாக இருக்கிறது, உள்ளேதான் ரோஜாப்பூ தாங்கவில்லை. காலை வணக்கத்துக்கு ஒரு ரோஜா, வெள்ளிக்கிழமைக்கு ஒரு அம்மன், யாருக்கோ பிறந்தநாள் என்றால் கேக். சந்தை நேரம் மாறிவிட்டது என்று ரத்தினம் அண்ணன் போட்ட செய்தி அத்தனை ரோஜாவுக்கும் அடியில் புதைந்து மூச்சு முட்டிச் செத்துப்போனது.

ரத்தினம் அண்ணன் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஐஸ் விற்பவரிடம் பேசினால்கூட "அவையோருக்கு வணக்கம்" என்று ஆரம்பிப்பவர்.

பாதிப் பேர் காலையில் வந்தார்கள், மீதிப் பேர் சாயங்காலம் வந்தார்கள். யார் என்ன சமைப்பது என்று ஒருவரோடு ஒருவர் தனித்தனியாகப் பேசிக்கொண்டதில், "கஷ்டமில்லாம எதாச்சும் செய்யலாம்" என்று எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். கடைவரிசை முழுக்க மீஹூன் கோரேங், அதாவது வறுத்த அரிசிச் சேமியா. இந்தக் கடையில் மீஹூன், அடுத்த கடையில் மீஹூன், அதற்கடுத்த கடையில் முட்டை போட்ட மீஹூன். ஆளுக்கொரு கடையில் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைப் பொட்டலம் கட்டிப் போனார்கள். எங்கள் வீட்டில் மறுநாளும் மீஹூன்தான். யாழினி இன்றைக்கும் அதைக் கண்டால் தட்டைத் தள்ளிவைப்பாள்.

"இனிமே இந்தக் கூத்தே வேணாம். இணையத்துல ஒரு அகப்பக்கம் போட்டுருவோம்" என்று கூட்டத்தில் சொன்னவள் நான்தான். சொன்னவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

அனைவரும் வருக

பள்ளி விடுமுறை முழுக்க உட்கார்ந்து கட்டினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை (பெருமைக்காகத்தான் சொல்கிறேன்), அழகாகவே வந்திருந்தது. நாள், நேரம், வழி காட்டும் வரைபடம், பழைய வேனின் கயிறு தெரிகிற மாதிரி ஒரு படம். எந்தக் கடைகள் இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். பிடித்த கடையைத் தொட்டு, குடும்பத் தலைவர் பெயரைப் போட்டு, 'பதிவு செய்' என்று அழுத்தினால் அந்தக் கடை உங்களுக்கு. முதலில் பதிந்தவர் பெயர் மேலே, அடுத்தவர் பெயர் கீழே. இரண்டு பேர் மீஹூன் போடவே முடியாது. அதற்கு நான் பூட்டுப் போட்டிருந்தேன்.

உச்சியில் 'அனைவரும் வருக' என்று பெரிய எழுத்தில் வரவேண்டும் என்றார் ரத்தினம் அண்ணன். போட்டேன். பக்கத்தில் தன் படமும் வரவேண்டும் என்றார். அதையும் போட்டேன்.

திறந்துவிட்ட அன்றே பார்வையாளர் எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. மறுநாள் இன்னும் ஏறியது. நான் அலுவலகக் கழிவறையில்கூட அதைத் திறந்து பார்த்தேன். ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. பார்வை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. பதிவுப் பட்டியல் கழுவி வைத்த வாழையிலை மாதிரி பளிச்சென்று காலியாக இருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். காய்கறி பசாரில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டுச் சாந்தியிடம் அதைக் கொட்டினேன்.

"அகப்பக்கத்தைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேனே! ரொம்ப அழகா இருக்கு வாசுகி. ரத்தினம் அண்ணன் தொப்பையை மட்டும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்."

"அப்ப பேரு போட வேண்டியதுதானே?"

சாந்தி தக்காளியைக் கீழே வைத்தாள். "பாக்கியம் அக்கா இன்னும் போடலையே. அவங்களுக்கு மேல என் பேர் வந்தா நல்லாவா இருக்கும்?"

"அவங்க ஏன் போடலயாம்?"

"கூப்பிடலயாம்."

"அலமாக்! அதான் 'அனைவரும் வருக'ன்னு யானை சைஸ்ல போட்டிருக்கேனே!"

"அதையும் பார்த்தாங்களாம். அனைவருமுன்னா யாருன்னு கேட்டாங்க."

காருக்குள் ஒரு மாமா

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். என் கல்யாணத்தில் பாலோ மாமாவுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். அவர் வந்தார். குடும்பத்தோடு, பட்டுவேட்டி சரசரக்க, நேரத்துக்கு முன்னாலேயே வந்தார். வந்து, மண்டபத்துக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

மாலை மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் யாரோ வந்து அப்பாவின் காதில் சொன்னார்கள். அப்பா அப்படியே ரோட்டைக் கடந்து ஓடினார். கார்க் கண்ணாடி இறங்கியது, அப்பா கையைக் கூப்பினார், மாமா இறங்கினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பந்தியில் பாயசம் பரிமாறியதே மாமாதான். மாலை மாற்றும் நேரத்தில் பெண்ணைப் பெற்றவரைக் காணவில்லை என்று ஐயர் தேடியதும், என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு வியர்த்ததும் வீடியோவில் இருக்கின்றன.

எங்கள் ஆட்களுக்குச் செய்தி தெரிந்தால் போதாது. கூப்பிட வேண்டும். நாள், நேரம், வரைபடம் எல்லாம் கொடுத்தேன், அதை மட்டும் விட்டுவிட்டேன்.

அதிலும் பாக்கியம் அக்கா சாதாரண ஆள் இல்லை. தோட்டத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பெரிய சட்டிக்கு முன்னால் நிற்பவர். அவர் கரண்டி எடுக்காமல் மற்ற பெண்கள் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். மீஹூன் வருஷத்தில் அவர் தன் மகளின் பிரசவத்துக்காக மலாக்கா போயிருந்தார். அந்தக் கூத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

யார் போய்க் கூப்பிடுவது? "நான் போனால் அரசியல் என்பார்கள்" என்றார் ரத்தினம் அண்ணன். "நான் போனா வீட்டுப் பிள்ளைங்க எதோ தப்பு பண்ணிட்டாங்கன்னு பயந்துருவாங்க" என்றார் சரோஜா டீச்சர். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அழைப்பு அட்டை அடிக்கலாம் என்றால், அகப்பக்கம் இருக்கும்போது அந்தக் காசு எதற்கு, அதுவும் வேனுக்கே போகட்டும் என்றார் தலைவர். நியாயம்தான். அதோடு எனக்கும் ஒரு வீம்பு. விடுமுறையைத் தின்ற அந்த அகப்பக்கத்தை எப்படியும் அந்த வீட்டுக்குள் நுழைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

"போனைத் தட்டுல வெச்சு எடுத்துட்டுப் போறியா?" என்று வீட்டுக்காரர் போனில் கேட்டார். "அடுத்த வாரம் நான் வீட்டுக்கு வரவா, வேணாமா?"

மஞ்சள்

பாக்கியம் அக்கா நாயை அதட்டி, கேட்டைத் திறந்து, என்னை உட்காரவைத்தார். தேத்தண்ணி வந்தது. தட்டைத் தொடவில்லை. மகளுக்குப் பிறந்த பேரப்பிள்ளையின் தலைமுடியைப் பற்றிப் பேசினார். என் சேலை எங்கே எடுத்தது என்று கேட்டார். எனக்கு வியர்வை முதுகில் வழிந்துகொண்டிருந்தது. கடைசியில் நானே எழுந்து நின்றேன்.

"அக்கா, பிள்ளைங்களுக்கு வேன் வேணும். நீங்க முன்ன நின்னு நடத்திக் கொடுக்கணும். குடும்பத்தோட வந்துருங்க" என்று தட்டை நீட்டினேன். என் குரல் தழுதழுத்தது. வேனுக்காகவா வேலைக்காகவா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அவர் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். "இதைத்தானே ரெண்டு வாரமா எதிர்பார்த்தேன்" என்றார். அப்புறம் தட்டை உற்றுப் பார்த்தார். "என்னாடி இது, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவலயே?"

"அக்கா, அது போனு…"

"பத்திரிகைன்னா பத்திரிகை மாதிரி இருக்கணும் லா."

நான் தடுப்பதற்குள் மஞ்சள் கிண்ணத்தில் விரலை விட்டு, திரையின் நான்கு மூலையிலும் ஒத்தி எடுத்தார். நேரம் மிச்சமாகட்டும் என்று நான் அவர் பெயரை முன்பே அடித்துவைத்திருந்தேன். என்ன கடை என்று கேட்டுவிட்டுத் தொடலாம் என்றிருந்தேன். வலது கீழ் மூலையில்தான் 'பதிவு செய்' இருந்தது. ஈர விரல் அங்கே பட்டதும், வேறு கடை எதையும் தொடாததால், பட்டியலின் முதல் கடை அவருக்கு விழுந்துவிட்டது.

முதல் கடை, பிள்ளைகளுக்கு முகத்தில் வண்ணம் தீட்டுவது.

ஐயோ என்று நான் போனை எடுக்கப் போனேன். அதற்குள் அது தட்டில் அதிர்ந்தது. ஒரு பதிவு. மறுபடி அதிர்ந்தது. சாந்தி, நாசி லெமாக் சோற்றுக் கடை. இன்னொரு அதிர்வு, இன்னொரு பதிவு. நான் தட்டோடு உள்ளே போனதைத் தெருவே பார்த்திருக்கிறது. அத்தனை பேரும் அகப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் வரியில் பாக்கியம் அக்கா பெயர் எப்போது விழும் என்று காத்திருக்கிறார்கள். போன் விடாமல் துடித்ததில் கற்கண்டெல்லாம் தட்டில் குதித்தது.

"மாத்திடலாம்க்கா, கறிக்கடைக்கு மாத்திடலாம்" என்றேன்.

"மங்களமா மஞ்சள் வெச்சுப் பேர் விழுந்தாச்சு. மாத்தக் கூடாது." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் படித்தார். "முகத்துல வண்ணமா? கறி சட்டியில தானா கொதிக்கும். நான் பக்கத்துல உக்காந்து வரையிறேன். என்னா பெரிய விஷயம்!"

அக்காவின் குரல்

ஒரு தெரு சரி. மற்றத் தெருக்கள்? பாலோ பக்கத்துத் தோட்டங்கள்? ஜொகூர் பாருவுக்குக் குடிபோன பழைய மாணவர்கள்? எல்லா வீட்டுக்கும் தட்டோடு போவதென்றால் என் பட்டுச்சேலை நைந்துவிடும்.

"உன் அகப்பக்கத்துல பேச முடியுமா?" என்று கேட்டார் பாக்கியம் அக்கா.

முடியும். மறுநாளிலிருந்து அவர் வீட்டு அடுப்படியில் குரல் பதிவு. அகப்பக்கத்தில் வீட்டுப் பெயர்களைப் போட்டேன். உங்கள் பெயரைத் தொட்டால் அக்கா உங்களைக் கூப்பிடுவார். ஒரே அழைப்பை எல்லாருக்கும் வைத்துவிடலாமே என்றேன். முறைத்தார்.

"டேய் குமாரு, பாக்கியம் அக்கா பேசுறேன். பொண்டாட்டி புள்ளைங்களோட வந்துடு. சாப்பிட்டுட்டு நைசா ஓடிறாத, நாற்காலி தூக்க ஆள் வேணும்."

"ரத்தினம் தம்பி, வாங்க. பேசுங்க. ஆனா சுருக்கமா பேசுங்க."

"செல்வி, ஜொகூர் பாருவுல இருந்துக்கிட்டு சிங்கப்பூர் பாலம் ஜாம், ஓவர்டைம்னு கதை விடாத. ஸ்கூலுக்கு வா. அப்படியே வீட்டுக்குப் போ. உங்கம்மா சனிக்கிழமை ஆனா ரோட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு."

இதைப் பதிந்துவிட்டு அக்கா திரும்பி, கொதிக்கும் குழம்பைக் கிண்டினார்.

அகப்பக்கம் பற்றிக்கொண்டது. தன் அழைப்பை ஒருமுறை கேட்டவர்கள் அடுத்த வீட்டு அழைப்பை நாலு முறை கேட்டார்கள். யாருக்கு எவ்வளவு திட்டு என்பதுதான் அந்த வாரம் ஊர்ப் பேச்சு. திட்டு குறைவாக விழுந்தவர்கள் வருத்தப்பட்டார்கள். "எங்களை ஏன் சும்மா வாங்கன்னு மட்டும் சொல்லியிருக்கு? எங்க மேல எதாச்சும் கோவமா?" என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கேட்டார்.

சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலம், எல்லாம் சரியாக ஒலிக்கிறதா என்று ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம வீடு எங்கம்மா?"

தேடினேன். இல்லை. ஊர் முழுக்கப் பெயர் போட்ட நான் எங்கள் வீட்டைப் போடவே இல்லை.

"அப்ப நம்மள யாரும் கூப்பிடலயா?"

"நாமதானே நடத்துறோம், நமக்கு எதுக்கு அழைப்பு?" என்றேன். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பருப்பு ஊறவைத்தேன். இத்தனை நாள் இவ்வளவு பாடுபட்டும் ஒருத்திக்குக்கூட என்னைக் கூப்பிடத் தோன்றவில்லையே என்று அழுகை வந்தது. சிரிப்பாகவும் இருந்தது. பாலோ மாமா காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

விடிந்ததும் கேட்டில் சத்தம். பாக்கியம் அக்கா. குளித்து, பூ வைத்து, கையில் தட்டு. தட்டில் போன் இல்லை. வெற்றிலையும் குங்குமமும் மட்டும்.

"வாசுகி, இன்னிக்கு ஸ்கூல்ல சந்தை. குடும்பத்தோட வந்துடு."

நான் விட்டுவிடுவேனா? மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அதான் அனைவரும் வருகன்னு போட்டிருக்கேனேக்கா" என்றேன்.

"அனைவருமுன்னா அவங்க. நீ தனி" என்றார்.

அந்த வார்த்தைக்காக இன்னொரு அகப்பக்கமும் கட்டுவேன்.

மீசை

சந்தைக்குக் கூட்டம் நெரிந்தது. செல்வி வந்தாள். அம்மாவையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். குமார் எல்லாரும் பார்க்கிற மாதிரி நாற்காலி தூக்கினான். ரத்தினம் அண்ணன் சுருக்கமாகப் பேசினார், ஊரே கைதட்டியது. மீஹூன் ஒரே ஒரு கடையில்தான் இருந்தது, அதனால் முதலில் தீர்ந்துபோனதும் அதுதான்.

பாக்கியம் அக்கா ஒரு கையில் கறிக் கரண்டி, மறு கையில் தூரிகையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வரையத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பட்டாம்பூச்சி கேட்ட பிள்ளைக்கும் மீசை, புலி கேட்ட பிள்ளைக்கும் மீசை. மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்க முறுக்கு மீசையோடு ஓடிக்கொண்டிருந்தது. சரோஜா டீச்சரும் ஒன்று வைத்துக்கொண்டார்.

வேன் வந்தது. புத்தம் புதுசு இல்லை, ஆனால் பின்கதவு கயிறில்லாமல் மூடிக்கொண்டது. "வருவேன்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

புது வேன் வந்த முதல் நாள் காலை. முனியாண்டி அண்ணன் வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தார். தொழிற்சாலைப் பேருந்துக்கு எனக்கு நேரமாகிவிட்டது. யாழினி பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குள்ளேயே நின்றாள்.

"ஏறுடி!"

"வேன் மாமா கூப்பிடட்டும்."

"அதான் ஹார்ன் அடிக்கிறாரே!"

"அது எல்லாருக்கும் அடிக்கிறதும்மா."

வாயில் வந்ததைச் சொல்லித் திட்டப் போனேன். முனியாண்டி அண்ணன் முந்திக்கொண்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"யாழினிம்மா, வாங்க, ஸ்கூலுக்குப் போலாம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்துபோய் ஏறினாள். உள்ளேயிருந்த பிள்ளைகள் எல்லாரும், நாளைக்குத் தங்கள் வீட்டு வாசலிலும் இறங்கிவர வேண்டும் என்று ஒரே சத்தம். வேன் வளைவில் திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலைக்கு ஓடினேன்.